நம்ம ஊர் பாலுசாமி

அத்தைக்குப் புதிதாக ஒரு பதார்த்தத்தைத் தின்னக் கொடுப்பது நடக்காத காரியம். எதைக் கொடுத்தாலும் அது ஏற்கெனவே அவளுக்குச் சொந்தமானதாக இருக்கும்.

யாங்கோன் நகரத்தின் பபேடான் பேட்டையில் நாங்கள் குடியிருந்த கட்டிடத்தில் அவளுடையது எதிர் வீடு. உறவு ஒன்றும் கிடையாது. கீழே தெருவில் எவர்சில்வர் பாத்திரக்கடை வைத்திருந்தாள். தமிழர்கள் எல்லோரும் அத்தை என்றோம். பர்மாக்காரர்கள் பெயருக்கு முன்னால் 'டோ' சேர்த்து மரியாதையாகக் கூப்பிட்டார்கள். காலையில் மாடியிலிருந்து கயிற்றில் பையை இறக்குவாள். மொஹிங்கா விற்கிற பெண் பொட்டலத்தை அதில் வைத்து அனுப்புவாள். வாழைத்தண்டும் மீனும் போட்டுக் காய்ச்சி அரிசி சேமியாவின் மேல் ஊற்றுகிற அந்தச் சாப்பாட்டைத்தான் பர்மியர்கள் தங்கள் நாட்டின் பெருமை என்று சொல்லிக்கொள்வார்கள். அத்தை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, நம்ம இடியாப்பத்துல மீன் கொழம்பை ஊத்தியிருக்கான், அவ்வளவுதான் என்பாள்.

ஷான் மலைக்காரர்களின் தோஃபு அவளுக்குக் கடலைமாவுக் களி. நாப்பி என்பது அரைத்த கருவாடு. ரம்ஜான் மாதத்தில் தெருமுனைப் பள்ளிவாசலில் தூக்கு நீட்டி நோன்புக் கஞ்சி வாங்கி வருவாள். கஞ்சியில் கறியைப் போட்டால் மட்டும் அது நம்ம கஞ்சி இல்லாமல் போய்விடுமா என்று கேட்பாள். கொடுக்கிறவர்களும் சிரித்துக்கொண்டே இன்னொரு கரண்டி ஊற்றுவார்கள்.

ஒருமுறை நான் சம்பளம் வாங்கிய கையோடு புதிதாகத் திறந்த ஜப்பான்காரக் கடைக்கு அவளைக் கூட்டிப்போனேன். இதற்கு என்ன சொல்கிறாள் பார்ப்போம் என்று மனசுக்குள் ஒரு சவால். அவள் அந்தச் சோற்று உருண்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மேலே இருந்த பச்சை மீனை எடுத்து ஓரமாக வைத்தாள். சோற்றை மட்டும் தின்றாள். பழைய சோறுதான் தமீ, புளிப்பு போதல என்றாள். தமீ என்றால் பர்மிய மொழியில் மகள். தமிழ் பேசும்போதும் என்னை அப்படித்தான் கூப்பிடுவாள்.

'நம்ம ஊர்' என்று அவள் சொல்வது எந்த ஊர் என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. சில சமயம் அது பபேடான். சில சமயம் யாங்கோன் முழுவதும். அவளுடைய அப்பா பிறந்த ராமநாதபுரம் பக்கத்துக் கிராமமாகவும் இருக்கும். ஆற்றைத் தாண்டி கியாக்தானில் தீவுக்கோயிலுக்குப் போய்விட்டு வந்த நாளில், படித்துறையில் விற்ற பொரித்த இறாலும் நம்ம ஊர்க் கணக்கில் சேர்ந்தது. அவளோடு நடந்தால் உலகத்தில் வெளியூர் என்று ஒன்று இருப்பதே மறந்துவிடும்.

அந்த ராமநாதபுரத்துக்கு அவள் ஒரே ஒரு தடவை போயிருக்கிறாள். தூரத்து உறவில் ஒரு கல்யாணம். ஒரு மாதம் இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனவள் பாதியிலேயே திரும்பிவிட்டாள். கூடப் போன உறவுக்காரர் சொல்லித்தான் எங்களுக்கு விஷயம் தெரிந்தது. பந்தியில் பரிமாறியவர்கள் அவளை பர்மாக்காரம்மா என்றே கூப்பிட்டிருக்கிறார்கள். பக்கத்து இலைப் பெண்மணி, பாவம், நல்ல மனசோடுதான், உங்க ஊர்ல சாம்பார் எல்லாம் உண்டா, உங்களுக்குப் பழக்கமா என்று விசாரித்திருக்கிறாள். திரும்பி வந்த அத்தையிடம் தெருவே கேட்டது, சாப்பாடு எப்படி என்று. வெயில் ஜாஸ்தி என்றாள். அவள் சாப்பாட்டைப் பற்றிப் பேசாத பயணம் அது ஒன்றுதான்.

அவளுடைய மகன் செல்வம் ஃபிஜித் தீவில் ஒரு ஓட்டலில் கணக்கு வேலை பார்த்தான். பசிபிக் கடலுக்கு நடுவில், நாங்கள் வரைபடத்தில் விரலால் தேடிக் கண்டுபிடித்த இடம். இரண்டு வருஷமாக லீவில் வராதவன், ஒருநாள் போன் செய்து அம்மாவை அங்கே வரச்சொன்னான். டிக்கெட் அவன் செலவு. என்ன விசேஷம் என்று கேட்டதற்குச் சும்மாதான் என்றான். அவன் சும்மா கூப்பிடுகிற பிள்ளை இல்லை என்று எனக்குத் தெரியும். அத்தைக்கும் தெரிந்திருக்கும். ஆனால் தெருவில் அவள் சொன்னது வேறு. ஃபிஜியில் பாதிப் பேர் நம்ம ஆளுங்கதானாம். வெள்ளைக்காரன் கரும்பு வெட்டக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனவர்களாம். அதில் உண்மை இருக்கத்தான் செய்தது. அந்த உண்மையை அவள் கொஞ்சம் பெரிதாக்கி, செல்வத்துக்கு அங்கேயே ஒரு தமிழ்ப் பெண் அமையலாம் என்கிறவரை கொண்டுபோனாள்.

துணைக்கு நான் போனேன். அவளுக்கு இங்கிலீஷ் வராது. நான் விமான டிக்கெட் ஆபீசில் வேலை பார்த்தவள், எனக்குக் கொஞ்சம் சலுகை விலையும் உண்டு. தவிர, எனக்கென்று தனியாக ஓர் ஆசை இருந்தது. ஃபிஜிக்காரர்களின் பாரம்பரியச் சமையலைத் தேடிப்போய்ச் சாப்பிட்டு, பயணக் கட்டுரை எழுத வேண்டும். கிளம்புவதற்கு முன் கிடைத்ததையெல்லாம் படித்தேன். குழி தோண்டிக் கல்லைச் சுடவைத்து அதில் சமைக்கிறார்கள். பச்சை மீனை எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்துத் தேங்காய்ப்பாலில் போடுகிறார்கள். அத்தை இதுவரை காணாத உலகம் ஒன்றை அவள் முன்னால் வைக்கப்போகிறேன் என்று நினைத்தேன். அகலமான தொப்பிகூட ஒன்று வாங்கினேன்.

விமானம் இறங்கிய ஊரின் பெயர் நந்தி.

எழுதும்போது வேறு மாதிரி எழுதுகிறார்கள், சொல்லும்போது நந்திதான். அத்தை என் முகத்தைப் பார்த்தாள். நம்ம ஊர்ப் பேர் என்று சொல்லத் தேவை இருக்கவில்லை.

செல்வம் எங்களை ஓட்டலுக்குப் பின்னால் இருந்த ஊழியர் விடுதியில் தங்கவைத்தான். இளைத்திருந்தான். அம்மாவின் பெட்டியை வாங்கும்போது கண்ணைப் பார்க்கவில்லை. அன்று மத்தியானம் சந்தையில் அந்தப் பச்சை மீன் கிடைத்தது. கொகொண்டா என்று பெயர். சிரட்டையில் வைத்துக் கொடுத்தார்கள். நான் கண்ணை மூடி ருசித்துக்கொண்டிருந்தபோது அத்தை, மோர் கொழம்புல மீனைப் போட்டிருக்கான், அடுப்பு பத்தவைக்க மறந்துட்டான் என்றாள். கடலில் முளைக்கிற, திராட்சைக் குலை மாதிரி இருக்கும் ஒரு பாசியை வாங்கிக் கொடுத்தேன். பல்லில் வெடித்து உப்புநீர் தெறித்தது. மணத்தக்காளி என்றாள். சேப்பங்கிழங்கு, மரவள்ளி, ஈரப்பலா எல்லாம் குவியல் குவியலாகக் கிடந்தன. அவற்றுக்கு என்னாலேயே எதிர்வாதம் செய்ய முடியவில்லை.

சாயங்காலம் ஓட்டலில் 'பாரம்பரிய விருந்து' என்று பலகை வைத்திருந்தார்கள். செல்வம் டிக்கெட் எடுத்துக் கொடுத்தான். தீப்பந்தம் சுற்றினார்கள், பாடினார்கள், குழியில் வெந்தது என்று சொல்லிக் கோழி கொண்டுவந்தார்கள். சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு வந்த அத்தை, அது கேஸ் அடுப்பில் வெந்த கோழி என்று அறிவித்தாள். பக்கத்தில் தக்காளி சாஸ் பாட்டில் இருந்தது. ஆனால் கூடவே ஒரு பச்சை உருண்டை வந்தது. சேப்பங்கிழங்கு இலையை அடுக்கி, நடுவில் கெட்டித் தேங்காய்ப்பாலும் வெங்காயமும் வைத்துப் பொதிந்து வேகவைத்தது. பெயர் என்ன என்று பரிமாறியவனிடம் கேட்டேன். பலுசாமி என்றான்.

அத்தை கையை நிறுத்தினாள்.

"பாலுசாமி. எங்கப்பாவோட சித்தப்பா பேரு."

நான் தொப்பியைக் கழற்றி வைத்தேன். அதற்குமேல் அந்தத் தீவில் எனக்குக் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது என்று தோன்றிவிட்டது.

மறுநாள் காலையில்தான் செல்வம் சொன்னான். மேரே என்று ஒரு பெண். ஓட்டல் வரவேற்பில் வேலை. கல்யாணம் செய்துகொள்ளலாம் என்றிருக்கிறார்கள். அவள் வீட்டில் எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார்கள். எந்த ஆளுங்க என்று அத்தை கேட்டாள். இந்த ஊர் ஆளுங்கம்மா, இந்த மண்ணுக்காரங்க என்றான். கரும்பு வெட்ட வந்தவங்க இல்லையா என்றாள். இல்லை என்றான்.

சற்று நேரத்தில் மேரே வண்டியோடு வந்துவிட்டாள். நல்ல உயரம். தலையைச் சுற்றிக் கருமேகம்போல் சுருட்டை முடி, காதோரம் ஒரு பூ. சிரித்துக்கொண்டே குனிந்து அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள். அத்தை கையை இழுத்துக்கொள்ளவில்லை. மரக்கட்டைபோல அதை அவளிடமே விட்டுவைத்திருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னாள்.

"இது நம்மகிட்ட இல்லாதது தமீ."

அவள் வாயிலிருந்து அந்த வாக்கியத்தை நான் கேட்டதே இல்லை. எத்தனையோ நாள் கேட்க ஆசைப்பட்டிருக்கிறேன். ஆனால் இதற்காக அல்ல. உலகத்துச் சோற்றையெல்லாம் தன் வீட்டுச் சோறு என்றவள் ஒரு பெண்ணிடம் வந்ததும் வாசலைச் சாத்திக்கொண்டாள்.

அன்றும் அடுத்த நாளும் மேரேதான் எங்களைச் சுற்றிக் காட்டினாள். அத்தை வாயை மூடவில்லை. ஆனால் தமிழில் பேசவில்லை. இங்கே நம்ம ஆளுங்க மூலைக்கு மூலை இருப்பார்கள், தமிழ் யாருக்காவது புரிந்துவிடும் என்பது அவளுடைய முன்னெச்சரிக்கை. அதனால் எல்லாவற்றையும் பர்மிய மொழியில் என்னிடம் சொன்னாள். பெண்ணின் தோள் படகு தள்ளுகிறவன் தோள் மாதிரி இருக்கிறது. சிரிப்பு தெருவுக்கே கேட்கிறது. முடியில் சீப்பு போனால் திரும்பி வராது. நான் ஊம் கொட்டினேன். செல்வம் வேலைக்குப் போயிருந்தான்.

அதற்கு மறுநாள் அவனும் கூட வர, மேரேயின் ஊருக்குப் போனோம். அங்கே பெண்கள் இடுப்பில் சுலு என்று ஒரு துணியைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். அத்தை தன் பர்மா லுங்கியைத் தட்டிவிட்டு, இதைத்தானே கட்டியிருக்கேன் என்று நடந்தாள். வீட்டில் பாய் விரித்து உட்காரவைத்தார்கள். மேரேயின் அப்பா மீன்பிடிக்கிறவர், அதிகம் பேசாத மனிதர். செல்வம் கொண்டுவந்த ஒரு கட்டு வேரை அவர் முன்னால் வைத்தான். அதைப் பொடித்துத் தண்ணீரில் பிசைந்து, ஒரு சிரட்டையில் ஆளாளுக்குக் கொடுத்தார்கள். கைதட்டிவிட்டு வாங்கி ஒரே மூச்சில் குடிக்க வேண்டும். அதன் பெயர் யங்கோனா. அத்தை குடித்துவிட்டு உதடு மரத்துப்போன நிலையில், நம்ம ஊர் பேரையே கரைச்சுக் குடிக்கிறாங்க, ஆனா ஆட்டுக்கல் கழுவின தண்ணி மாதிரி இருக்கு என்று பர்மிய மொழியில் சொன்னாள். மேரே தலையைக் குனிந்துகொண்டாள். வெட்கம் என்று நினைத்தேன்.

பிறகு கொல்லையில் குழியைத் திறந்தார்கள். மண்ணை விலக்கி, சாக்கை எடுத்து, இலைகளை நீக்கினால் அடியில் சுட்ட கற்களின் மேல் மீனும் கிழங்கும் பன்றியும் இலைப் பொதிகளும் ஆவி பறக்கக் கிடந்தன. அத்தை கிட்டத்தில் போய்ச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். ஒரு சட்டி இல்லை, ஒரு மூடி இல்லை. பாத்திரமே வேண்டாமா என்று என்னைக் கேட்டாள். இத்தனை வருஷம் பாத்திரம் விற்றவளின் குரலில் உண்மையான கலவரம் இருந்தது. அவள் யாங்கோனிலிருந்து இந்த வீட்டுக்கென்று தூக்கி வந்திருந்தது ஓர் அடுக்கு எவர்சில்வர் பாத்திரம். மேரேயின் அம்மா அதை இரண்டு கையாலும் வாங்கி, கண்ணாடி அலமாரியின் மேல்தட்டில், சர்ச்சில் கிடைத்த கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள். அதில் சமைக்கப்போவதில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது.

அந்த ஊர் வழக்கப்படி விருந்தாளி முதலில் சாப்பிட வேண்டும். வீட்டுக்காரர்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஈ விரட்டிக்கொண்டிருப்பார்கள். எங்கள் மூவர் முன்னால் மட்டும் தட்டு. அப்பா, அம்மா, அத்தனை உறவும் நாங்கள் மெல்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேரே இலைப் பொதியைப் பிரித்து அத்தைக்கு வைத்தாள். அவளே செய்ததென்று செல்வம் சொன்னான். அத்தை ஒரு வாய் தின்றாள். முகத்தில் புன்னகையை வைத்துக்கொண்டே, பாராட்டுகிறவளைப் போலத் தலையை ஆட்டியபடி, பர்மிய மொழியில் என்னிடம் சொன்னாள்: "எலை சரியா வேகல. தொண்டை அரிக்கப்போவுது. இவ கையால தின்னா எம்புள்ள ஒரு வருசம் தாங்க மாட்டான்."

செல்வத்தின் கை தட்டில் நின்றது.

மேரே கரண்டியை எடுத்தாள். பர்மிய மொழியில், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்து, அவளே பதில் சொன்னாள்.

"வெந்திருக்கு, அடோ. காலையிலேயே வச்சேன். இன்னும் கொஞ்சம் போடவா?"

அடோ என்றால் பர்மிய மொழியில் அத்தை. குரலில் கோபம் இல்லை. கண்ணின் ஓரத்தில் மட்டும் ஈரம் இருந்தது. வீட்டாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் அப்பா, தன் மகள் வெளியூர்ப் பாஷையில் மாமியாரை உபசரிக்கிறாள் என்று பூரித்துப்போய் எங்களைப் பார்த்துத் தலையசைத்தார்.

அத்தை தட்டை நீட்டினாள். மேரே இன்னொரு பொதியைப் பிரித்து வைத்தாள். அதையும் கடைசி இலைவரை தின்றாள். அது மாதிரி இது மாதிரி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. தொண்டையும் அரிக்கவில்லை.

திரும்பி வரும் வழியில் செல்வத்திடம் கேட்டாள், அவளுக்கு எப்படித் தெரியும் என்று. நான்தான் சொல்லிக் கொடுத்தேன், உன்னோடு பேச வேண்டும் என்று அவளே கேட்டுக் கற்றுக்கொண்டாள், தப்பாகப் பேசிவிடுவோமோ என்று பயந்து இதுவரை வாயைத் திறக்கவில்லை என்றான். தமிழ் ஏன் சொல்லித் தரவில்லை என்றாள். எனக்கே சரியா வராதேம்மா என்றான். அத்தை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்படியே என்னிடம், தோள் பத்திச் சொன்னதும் புரிஞ்சிருக்குமோ என்று கேட்டாள். புரிந்திருக்கும் அத்தை என்றேன். சீப்பு? அதுவும்தான்.

கிளம்புகிற அன்று மகனிடம், கல்யாணத்தை வச்சுக்கோ, எனக்குத் திரும்ப இவ்வளவு தூரம் வர முடியாது என்றாள். அது சம்மதமா கோபமா என்று செல்வம் என்னிடம் கேட்டான்.

யாங்கோன் திரும்பியதும் தெரு முழுவதும் ஃபிஜிச் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டது. நந்தி, யங்கோனா, பாலுசாமி மூன்றையும் அவள் சொல்லச் சொல்ல, பாத்திரம் வாங்க வந்தவர்கள் நின்று கேட்டார்கள். நான் எழுத நினைத்த கட்டுரை அவள் வாயிலேயே தீர்ந்துபோனது. மேரேயைப் பற்றி அவள் மூச்சு விடவில்லை. கல்யாணத்தைப் போனில் பார்த்தோம். மோதிரம் மாற்றுகிற நேரத்தில் கரண்டு போய், படமும் போய்விட்டது. நல்லா இருக்கட்டும் என்று இருட்டில் சொன்னாள்.

அடுத்த வருஷம் அவர்கள் யாங்கோன் வருவதாக எழுதினார்கள். மருமகளைத் தெருவுக்கு என்னவென்று காட்டுவது? அத்தை அதற்கும் வழி கண்டுபிடித்தாள். அந்தக் காலத்தில் நம்ம நாட்டிலிருந்து கப்பலேறிப் போன குடும்பம்தான், கடல்காற்றில் முடி சுருண்டுவிட்டது, பாஷை மறந்துவிட்டது என்று சொல்லி வைத்தாள். இந்தத் தடவை எச்சரிக்கையாகத் தமிழில் மட்டும் சொன்னாள். தமிழ் மேரேக்குத் தெரியாதே. யாரும் சந்தேகப்படவில்லை. எங்கள் தெருவில் எல்லோர் குடும்பமும் கப்பலேறி வந்ததுதான், பாதிப் பேருக்குப் பாஷை மறந்துகொண்டுதான் இருக்கிறது.

மேரே வந்தாள். பர்மியப் பெண்களைப் போலக் கன்னத்தில் தனாக்காப் பட்டையை அரைத்துப் பூசிக்கொண்டு, லுங்கி கட்டிக்கொண்டு, கொடுத்ததையெல்லாம் சாப்பிட்டாள். செல்வம் மட்டும் அம்மாவிடம், ஏம்மா இப்படிச் சொல்லி வச்சிருக்கே என்று கேட்டான். சும்மா இரு என்றாள்.

கோயிலில் அன்னதானம் நடந்த அன்று நாங்கள் எல்லோரும் ஒரே வரிசையில் உட்கார்ந்தோம். எதிர்ப் பந்தியில் மசாலாக்கடைப் பெரியம்மா. ஊர் விசாரிக்காமல் அவளுக்குச் சோறு இறங்காது. மேரேயிடம் பர்மிய மொழியிலேயே கேட்டாள், உனக்கு எந்த ஊர் என்று. மேரே தன் கிராமத்தின் பெயரைச் சொன்னாள்.

"நாகொரோ."

பெரியம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. "நாகூரா? எங்க தாத்தா நாகப்பட்டினத்துலதான் கப்பல் ஏறினாரு. பக்கத்துப் பக்கத்து ஊரு." அவள் இரண்டு பக்கமும் திரும்பிச் சொல்ல, வரிசை முழுவதும் நாகூர், நாகூர் என்று போனது. யாரோ, முகத்தைப் பார்த்தாலே தெரியுதே என்றார்கள். அத்தை சொன்ன பொய்க்கு இதைவிடப் பெரிய சாட்சி தேடினாலும் கிடைக்காது. மேரேக்கு எதுவும் புரியவில்லை. எல்லோரும் தன்னைப் பார்த்துச் சிரிப்பதால் அவளும் சிரித்தாள். தன் ஊர்ப் பெயரை ஏன் எல்லோரும் மாற்றிச் சொல்கிறார்கள் என்று கேட்பதுபோல அத்தையைப் பார்த்தாள்.

அத்தை சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். பிசைவதை நிறுத்தினாள்.

"நாகூர் இல்லக்கா. நாகொரோ. அது வேற ஊரு. கடலுக்கு நடுவுல இருக்கு. நான் போயிருக்கேன்."

பெரியம்மாவுக்குக் குழப்பமாகிவிட்டது. அப்படியானால் அங்கே நம்ம ஆளுங்க யாராவது இருக்காங்களா என்று கேட்டாள்.

"இருக்காங்களே," என்றாள் அத்தை. "இவ அப்பா, அம்மா."

சொல்லிவிட்டு, பரிமாறுகிறவனைக் கூப்பிட்டு மேரேயின் இலையைக் காட்டினாள்.